இரட்டைச் செயலிக் கணிப்பொறியும் அதன் உண்மை வேகமும்

‘பெஞ்ச் மார்க்’ என்னும் சொல் நில அளவையில் பழகியவர்க்குப் புதியதன்று. பழைய ரயில் நிலையங்களிலும், பாலங்களின் அருகிலும், அரசாங்கக் கட்டிடங்களிலும் இந்திய நில அளவைத் துறை அமைத்துள்ள மட்டக் குறிகளை வெளிக்கள ஊழியர் பலர் கண்டிருப்பர். அக்குறி ஒவ்வொன்றின் உயரமும் சராசரிக் கடல்மட்டத்தை அடியாகக் கொண்டு முன்னரே கணித்து வைக்கப்பட்டது. மட்டம் பார்க்கும் அலுவலர் அக்குறியிலிருந்து தொடங்கி, வாய்க்கால், ஏரிக்கரை, சாலை ஆகியவற்றின் உயரங்களைக் கணக்கிட்டுக்கொண்டு செல்கிறார். கணிப்பொறித் துறையினர் இச்சொல்லை எடுத்துத் தம் இயந்திரங்களின் வேகத்தை அளக்கும் சோதனைகளுக்குப் பெயராக இட்டுக்கொண்டனர். ஆனால் சொல்லின் பின்னே நிற்கும் கடல்மட்டத்தை அவர்களால் எடுத்துக்கொள்ள இயலவில்லை. கணிப்பொறிகளுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பொது அடிமட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு சோதனையும் தனக்கென ஒரு வேலையை வைத்துக்கொண்டு, அந்த வேலையில் இயந்திரம் எத்துணை விரைவாக இயங்குகிறது என்பதை மட்டுமே கூறுகிறது.

இவ்வேறுபாட்டை மறந்து, விற்பனைத் தாளில் அச்சிட்ட ஓர் எண்ணைக் கொண்டு இயந்திரம் வாங்கும் வழக்கம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் காணப்படுகிறது. இவ்வழக்கம் கைவிடத்தக்கது. எந்த வேலைக்காக இயந்திரம் வாங்கப்படுகிறதோ அந்த வேலையையே சோதனையாக வைத்து, செயலியையும் நினைவகத்தையும் ஒருங்கே அளந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். இரண்டு செயலிகளை உடைய கணிப்பொறிக்கு இவ்விதி இரட்டிப்பாகப் பொருந்தும்.

இரண்டு செயலிகளின் தேவை

பெரிய கணிப்பொறிகளைப் பற்றிய செய்திகள் நாடெங்கும் பரவுகின்றன. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் ‘அர்க்கா’வும், நொய்டாவிலுள்ள தேசிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையத்தில் ‘அருணிகா’வும் தொடங்கி வைக்கப்பட்டன. முன்னதன் திறன் 11.77 பெடாஃப்ளாப் என்றும், பின்னதன் திறன் 8.24 பெடாஃப்ளாப் என்றும் அறிவிக்கப்பட்டது. ஒரு பெடாஃப்ளாப் என்பது நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்குகளாகும். ஆயினும் நிலத்தடி நீர் ஆய்வு, பயிர்ப் பரப்பு மதிப்பீடு, துணைக்கோள் படங்களைப் பகுத்தல், அணைக் கட்டுமானக் கணக்கு முதலிய அன்றாட வேலைகளிற் பெரும்பகுதி அத்தகைய பேரியந்திரங்களில் நடைபெறுவதில்லை. அலுவலக அறையொன்றின் மூலையில், மேசைக்கு அடியில் நிற்கும் ‘ஒர்க்ஸ்டேஷன்’ எனப்படும் கணிப்பொறியிலேயே அவை நடைபெறுகின்றன.

அத்தகைய பொறியில் ஒரே பலகையில் இரண்டு செயலிகள் பொருத்தப்பட்டிருப்பதுண்டு. ஒவ்வொரு செயலிக்குள்ளும் ‘கோர்’ எனப்படும் கணக்கிடும் உறுப்புகள் பதினாறோ முப்பத்திரண்டோ இருக்கும். ஒவ்வொரு செயலிக்கும் தனியாக நினைவகமும் உண்டு.

பொறியின் தேர்வு பிழைபட்டால் இழப்பு பணத்தோடு முடிவதில்லை. ஓர் இரவில் முடியவேண்டிய நீர்மட்டக் கணக்கு மூன்று நாள் நீடிக்குமாயின், கணக்கிடுவோர் காத்திருக்க மாட்டார். ஒரு கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்த நிலப்பரப்பை ஐந்து கிலோமீட்டர்க் கட்டங்களாக மாற்றி, வேலையை விரைவாக முடித்துவிடுவார். கிணறு கிணறாகச் சென்று அளவு எடுத்த ஊழியரின் உழைப்பு அங்கே சராசரிக்குள் கரைந்துவிடுகிறது. எந்தக் கிராமத்தில் நீர் வற்றுகிறது என்பதைக் காட்டவேண்டிய வரைபடம், வட்டத்தின் பொது நிலையை மட்டுமே காட்டுகிறது. இயந்திரத்தின் மந்தம் இவ்வாறு அறிக்கையின் மந்தமாகிவிடுகிறது.

வேக எண்களின் வரலாறு

கணிப்பொறியின் வேகத்தை ஒரே எண்ணால் கூறிவிடும் முயற்சி பழமையானது. 1972-இல் இங்கிலாந்தின் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் ‘வெட்ஸ்டோன்’ என்னும் சோதனை உருவாக்கப்பட்டது. பின்னக் கணக்குகளை மிகுதியாகச் செய்வது அது. முழு எண்களையும் சொற்களையும் கையாளும் வேலைகளுக்காக 1984-இல் ‘டிரைஸ்டோன்’ வந்தது. அமெரிக்க அறிஞர் ஜாக் டாங்காரா முதலியோர் 1979-இல் வெளியிட்ட ‘லின்பேக்’ கையேட்டிலிருந்து, பல சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கும் சோதனை பிறந்தது. 1993 முதல் உலகின் முதல் ஐந்நூறு கணிப்பொறிகளை வரிசைப்படுத்துவது இச்சோதனையின் வழிவந்ததே.

1988-இல் நிறுவப்பட்ட ‘ஸ்பெக்’ என்னும் கூட்டமைப்பு சிறு சோதனைகளைத் தவிர்த்து, உண்மையான நிரல்கள் பலவற்றைத் தொகுத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதன் முதல் தொகுப்பில் ‘மேட்ரிக்ஸ்300’ என்றொரு நிரல் இருந்தது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ‘கம்பைலர்’களை எழுதுவோர், அந்த ஒரு நிரலின் அமைப்பைக் கண்டறிந்து, அதனை மட்டும் பல மடங்கு விரைவாக ஓடச் செய்துவிட்டனர். தொகுப்பின் சராசரி உயர்ந்தது. பயனாளர் வேலையின் வேகம் அந்த அளவில் உயரவில்லை. 1992-இல் வெளியான அடுத்த தொகுப்பில் அந்நிரல் நீக்கப்பட்டது. இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. எந்தச் சோதனை புகழ் பெறுகிறதோ, அந்தச் சோதனைக்கேற்ப இயந்திரங்கள் திருத்தப்படும். தேர்வில் வரும் வினா முன்னரே தெரிந்துவிட்டால் மாணவரின் மதிப்பெண்ணைக் கொண்டு அவருடைய கல்வியை அளக்க இயலாது என்பதை ஆசிரியர்க்கு விளக்கவேண்டியதில்லை.

நினைவகமே நெருக்கடி

செயலியின் வேகம் வளர்ந்த அளவுக்கு நினைவகத்தின் வேகம் வளரவில்லை. 1995-இல் வுல்ஃப், மெக்கீ என்னும் இருவர் இந்த இடைவெளியை ‘நினைவகச் சுவர்’ என்று பெயரிட்டு எச்சரித்தனர். அச்சுவர் இன்றும் நிற்கிறது. அதன் உயரத்தை ஓர் எளிய கணக்கால் அறியலாம்.

2019-இல் வெளிவந்த ஏஎம்டி நிறுவனத்தின் ‘எபிக் 7502’ என்னும் செயலியை எடுத்துக்கொள்க. அதில் 32 கோர்கள் உண்டு. அதன் அடிப்படைத் துடிப்பு நொடிக்கு 250 கோடி. ஒவ்வொரு கோரும் ஒரு துடிப்பில் 16 பின்னக் கணக்குகளைச் செய்யக்கூடும். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 1,28,000 கோடி கணக்குகள் கிடைக்கும். விற்பனைத் தாள்கள் பறைசாற்றும் உச்ச வேகம் இவ்வகைப் பெருக்கலால் வருவதே.

இச்செயலிக்கு நினைவகத்தோடு எட்டுப் பாதைகள் உண்டு. டிடிஆர்4-3200 வகை நினைவகத்தைப் பொருத்தினால் ஒரு பாதை வழியே நொடிக்கு 2,560 கோடி பைட்டுகளும், எட்டின் வழியே 20,480 கோடி பைட்டுகளும் செல்லக்கூடும். இனி, இரண்டு நீண்ட எண் வரிசைகளில் ஒன்றை ஒரு மாறிலியால் பெருக்கி, மற்றொன்றோடு கூட்டி, மூன்றாம் வரிசையில் எழுதும் வேலையைக் கருதுக. ஒவ்வொரு படியிலும் கணக்குகள் இரண்டே. ஆனால் மூன்று எண்கள், அதாவது 24 பைட்டுகள், நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே சென்று வரவேண்டும். 20,480 கோடியை 24-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 853 கோடி படிகள். கணக்குகள் 1,707 கோடி. உச்ச வேகமோ 1,28,000 கோடி. நூற்றில் ஒன்றரைப் பங்குகூட எட்டவில்லை. மிகுதி நேரமெல்லாம் கோர்கள் எண்களின் வருகைக்காகக் காத்திருக்கின்றன.

நீரோட்டக் கணக்கு, வெப்பப் பரவல், வானிலை, பெரும் பட்டியல்களைத் தொகுத்தல் ஆகியவை பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தவை. பேரியந்திரங்களும் இதற்கு விலக்கல்ல. ஜப்பானின் ‘ஃபுகாகு’ 2020 நவம்பரில் லின்பேக் சோதனையில் 442 பெடாஃப்ளாப் காட்டியது. நினைவகத்தை மிகுதியும் சார்ந்த ‘எச்பிசிஜி’ சோதனையில் அதே இயந்திரம் காட்டியது 16 பெடாஃப்ளாப். இரு எண்களும் மெய்யே. அளந்த வேலைகளே வேறு.

இவ்விடத்தில் கொள்முதல் செய்வோர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ‘நினைவகம் 64 ஜிகாபைட்’ என்று மட்டும் குறிப்பில் எழுதினால், ஒரே 64 ஜிகாபைட் அட்டையைப் பொருத்தியும் தரலாம். 8 ஜிகாபைட் அட்டைகள் எட்டைப் பொருத்தியும் தரலாம். கொள்ளளவு இரண்டிலும் ஒன்றே. ஆனால் முன்னதில் எட்டுப் பாதைகளில் ஒன்றே திறந்திருக்கும். எண்கள் வந்து சேரும் வேகம் எட்டில் ஒரு பங்காகிவிடும். எட்டு மதகுகளை உடைய அணையில் ஏழினை அடைத்துவிட்டு, நீர்த்தேக்கம் நிறைந்திருக்கிறது என்று பெருமை கொள்வது போன்றதே இது. கொள்முதல் குறிப்பில் ‘ஒவ்வொரு செயலியின் எல்லா நினைவகப் பாதைகளும் நிரப்பப்படல் வேண்டும்’ என்னும் ஒரு வரியைச் சேர்த்தால் இப்பிழை நேராது.

இரண்டு என்பது இருமடங்கு அன்று

இரண்டாம் செயலியைச் சேர்த்தால் வேகம் இருமடங்காகும் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். 1967-இல் ஜீன் ஆம்டால் இதன் எல்லையை விளக்கினார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யப்படவேண்டியது என்றும், மிகுதியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கலாம் என்றும் கொள்க. 32 கோர்கள் அவ்வேலையை ஒரு கோரைப்போல் 7.8 மடங்கு விரைவில் முடிக்கும். 64 கோர்கள் 8.8 மடங்கு விரைவில் முடிக்கும். இரண்டாம் செயலி தந்த ஆதாயம் எட்டில் ஒரு பங்கே. அதன் விலையில் எட்டில் ஏழு பங்கைத் தள்ளித் தரும் வணிகர் எவரும் இலர்.

இரண்டாவது தடை நினைவகத்தின் இருப்பிடம். ஒவ்வொரு செயலியும் தன் அருகிலுள்ள நினைவகத்தை விரைவாக அணுகும். மற்றதன் நினைவகத்தை இணைப்புப் பாதையைக் கடந்தே அணுகவேண்டும். அதற்கு நேரம் கூடுதல், பாதையும் குறுகியது. லினக்ஸ் முதலிய இயக்க முறைமைகளில், ஒரு நினைவகப் பக்கத்தில் முதன்முதல் எழுதும் செயலியின் அருகிலேயே அப்பக்கம் இடம் பெறுவது பொது வழக்கம். ஆகவே நிரலின் தொடக்கத்தில் ஒரே கோர் எல்லா வரிசைகளையும் நிரப்பிவிட்டால், தரவு முழுவதும் ஒரு செயலியின் பக்கம் குவிந்துவிடும். மற்றச் செயலியின் கோர்கள் அனைத்தும் அக்கரைக்குச் சென்றே எண்களைக் கொணரவேண்டும். தொடக்க நிரப்புதலையும் எல்லாக் கோர்களுக்கும் பகிர்ந்தளித்தால் இக்குறை பெரிதும் நீங்கும். நிரலில் சில வரிகளை மாற்றினால் கிடைக்கும் இவ்வேகத்தை, அளந்து பாராதவர் புதிய இயந்திரத்தின் விலை கொடுத்து வாங்க முற்படுவர்.

இரண்டு செயலிகள் வீண் என்பது இதனாற் பெறப்படும் முடிவன்று. நூறு துணைக்கோள் படங்களைத் தனித்தனியே பகுக்கவேண்டுமாயின், அவ்வேலைகள் ஒன்றையொன்று எதிர்நோக்குவதில்லை. இரட்டைச் செயலி அங்கே ஏறத்தாழ இருமடங்கு பயன் தருவது இயலும். ஒரே கணக்கை விரைவில் முடிப்பது ஒன்று. பல கணக்குகளை ஒரு நாளில் முடிப்பது மற்றொன்று. ஸ்பெக் கூட்டமைப்பும் இவ்விரண்டுக்கும் தனித்தனி எண்களையே வெளியிடுகிறது. தம் அலுவலகத்தின் தேவை இவற்றுள் எது என்பதை அறியாமல் எண்களைப் பார்ப்பதிற் பயனில்லை.

அளக்கும் முறை

செயலியை அளக்கும் சோதனை வேறு, நினைவகத்தை அளக்கும் சோதனை வேறு. நினைவகத்துக்கு ஜான் மெக்கால்பின் 1991-இல் உருவாக்கிய ‘ஸ்ட்ரீம்’ சோதனை இன்றும் ஏற்றது. யாவரும் இலவசமாகப் பெறக்கூடியது. ஆனால் அதனையும் கண்மூடி ஓட்டலாகாது. அதில் முன்னமைந்த வரிசையின் நீளம் ஒரு கோடி எண்கள். மூன்று வரிசைகளும் சேர்ந்து 24 கோடி பைட்டுகள். மேற்கூறிய செயலிகள் இரண்டினுள்ளும் உள்ள விரைவு நினைவகம் மொத்தம் ஏறத்தாழ 26.8 கோடி பைட்டுகள். சோதனைத் தரவு முழுவதும் செயலிகளுக்குள்ளேயே அடங்கிவிடும். வெளி நினைவகம் அளக்கப்படவே மாட்டாது. ஒவ்வொரு வரிசையும் விரைவு நினைவகத்தின் மொத்த அளவைப்போல் நான்கு மடங்குக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது ஸ்ட்ரீம் விதி. இவ்வியந்திரத்துக்கு அது 13.5 கோடி எண்களாகும். விதியை மீறிக் கிடைத்த எண் கண்ணுக்கு இனியது, கருத்துக்கு உதவாது.

அதன்பின் அலுவலகத்தின் சொந்த வேலை சோதனையாகவேண்டும். சென்ற ஆண்டில் முடித்த கணக்கு ஒன்றினை, அதன் உள்ளீட்டுத் தரவோடும் சரியான விடையோடும் சேர்த்து வைத்துக்கொள்வது நலம். அதனை முதலில் ஒரு செயலியிலும், பின்னர் இரண்டிலும் ஓட்டுதல் வேண்டும். சுவர்க் கடிகாரம் காட்டும் முழு நேரத்தையே குறித்தல் வேண்டும். ஒரு முறை அளந்து நிறுத்தாமல் ஐந்து முறை அளந்து, நடு அளவையும், மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் உள்ள வேறுபாட்டையும் எழுதுதல் வேண்டும். மட்டம் பார்ப்பவர் தொடங்கிய குறிக்கே திரும்பி வந்து பிழையைக் காண்பது போல, முதல் அளவை இறுதியில் மீண்டும் எடுத்து ஒப்பிடுவது தகும். விடை சரியா என்பதையும் ஒவ்வொரு முறையும் சோதித்தல் வேண்டும். தவறான விடையை விரைவாகத் தரும் இயந்திரத்தால் ஒருவர்க்கும் பயனில்லை.

வெப்பத்தையும் மறத்தலாகாது. செயலி குளிர்ந்திருக்கும்போது துடிப்பு உயர்ந்து ஓடும். சூடேறியபின் தானே தாழும். இரண்டு நிமிடச் சோதனை காட்டும் வேகம் இரண்டு மணி நேர வேலையில் நிலைக்கும் என்பது உறுதியன்று. மே மாதத்து நாகபுரியில் குளிர்சாதனம் இல்லாத அறையில் இயங்கவேண்டிய பொறியைக் குளிரூட்டிய காட்சி அறையில் அளந்து வாங்கினால், வாங்கியது ஒன்றாகவும் இயங்குவது வேறாகவும் இருக்கும்.

எதிர்வாதமும் அதன் அளவும்

இம்முறைக்கு மறுப்புகள் உண்டு. ஒவ்வோர் அலுவலகமும் தன் சோதனையையே வற்புறுத்தினால் பொதுக் கொள்முதலில் ஒப்பீடு குலையும், வழங்குவோர்க்குத் தொல்லை, தணிக்கையாளர்க்கும் ஐயம் எழும் என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பொதுவாக வெளியிடப்பட்ட எண்கள் சல்லடையாகப் பயன்படுவதை ஒருவரும் தடுக்கவேண்டியதில்லை. நூறு பொறிகளை ஐந்தாகக் குறைக்க அவை போதும். ஆனால் ஐந்தில் ஒன்றைத் தேர்வது சொந்த வேலையின் சோதனையாகவே இருத்தல் வேண்டும். அச்சோதனையின் தரவும் முறையும் விலைப்புள்ளி கோரும்போதே எல்லோர்க்கும் ஒருபடித்தாக அறிவிக்கப்படுமாயின் நேர்மைக்கு இழுக்கில்லை. வெறும் விலைக்குப் பதிலாக, ‘ஒரு கணக்கை முடிக்க ஆகும் செலவு’ என்னும் அளவு கிடைப்பதால் தணிக்கைக்கும் அது துணையே செய்யும்.

ஆசிரியர் கையில் உள்ள சோதனை

இப்பாடத்தைக் கற்பிக்க இரட்டைச் செயலிப் பொறி வேண்டுவதில்லை. பள்ளியிலுள்ள எளிய கணிப்பொறியே போதும். சி மொழியில் 5,000 வரிசையும் 5,000 நிரலும் கொண்ட எண் அட்டவணை ஒன்றை அமைத்து, எண்களையெல்லாம் முதலில் வரிசை வரிசையாகவும், பின்னர் நிரல் நிரலாகவும் கூட்டச் செய்யலாம். கூட்டல்கள் இரண்டிலும் 2.5 கோடியே, தொகையும் ஒன்றே. நேரம் மட்டும் வேறுபடும். நினைவகம் எண்களை ஒவ்வொன்றாகத் தருவதில்லை. இன்றைய பெரும்பாலான பொறிகளில் 64 பைட்டுக் கட்டுகளாகத் தருகிறது. 8 பைட்டு எண்கள் எட்டு ஒரு கட்டில் அடங்கும். வரிசையாகச் சென்றால் எட்டும் பயன்படும். நிரலாகச் சென்றால் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழினை விடுத்து அடுத்த கட்டுக்குத் தாவவேண்டியதாகிறது. கணக்கிடும் வேகம் வேறு, எண் வந்து சேரும் வேகம் வேறு என்பதை மாணவர் தம் கைக்கடிகாரத்தாலேயே உணர்வர்.

அளந்தவற்றை எழுதி வைப்பதும் அளப்பதன் ஒரு பகுதியே. பொறியின் பெயர், நினைவக அட்டைகளின் எண்ணிக்கையும் அவை பொருந்திய இடமும், கம்பைலரின் பெயர், அறையின் வெப்பநிலை, ஐந்து அளவுகள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து அலுவலகக் கோப்பில் சேர்த்தால், அடுத்து அதே வகைப் பொறியை வாங்க முனையும் மாவட்ட அலுவலகம் விற்பனைத் தாளை நம்பவேண்டிய நிலையில் இராது. ஒரு துறையின் அலுவலகங்கள் இத்தாள்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்வதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. அடுத்த கொள்முதல் குறிப்பு எழுதப்படுவதற்கு முன்னரே அப்பணியைத் தொடங்குதல் நன்று.